கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு விடுதிக் காப்பாளரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் ஆண்கள் விடுதியில் 11 ஆண்டுகளாகக் காப்பாளராக இருக்கிறேன். நம் மாணவர்களை மனநல ஆலோசகரிடம் எப்படி அனுப்புகிறோம் என்பதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

வருகைப்பதிவு குறைந்தவரையும், குடித்துப் பிடிபட்டவரையும், அடிதடியில் இறங்கியவரையும்தான் 'கவுன்சிலிங் போய்விட்டு வா' என்று தாளில் எழுதி அனுப்புகிறோம். அதனால் அந்தச் சொல்லே தண்டனையின் பெயராகிவிட்டது. 'ஆம்பளப் பிள்ளை அழலாமா?' என்று கேட்டே வளர்ந்த ஒருவர் அந்த வாசலைத் தானாக மிதிக்க மாட்டார்.

2023இல் முதலாண்டு மாணவர் ஒருவர் வயிற்றுவலி என்று மூன்று முறை மருந்துச் சீட்டு கேட்டு வந்தார். மூன்றாம் முறை, நான் நீட்டிய சீட்டை வாங்காமல், மேசை விளிம்பில் பெயர்ந்திருந்த சன்மைக்காவை நகத்தால் நெம்பிக்கொண்டே நின்றார். "சாப்பிட்டியா தம்பி?" என்றேன். உடைந்து அழுதார். முகத்தைத் துடைத்த பிறகு அவர் முதலில் சொன்னது: "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார்."

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். பெண்களின் துயரம் சிறிது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அந்த ஆண்களில் எத்தனை பேர் கடைசிவரை வயிற்றுவலி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களோ என்ற அச்சம் என்னை விடுவதில்லை.

ஆகவே, ஆலோசனையை ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து அடியோடு பிரித்துவிடுங்கள். துறைத் தலைவரின் அறையைக் கடந்துதான் ஆலோசகரிடம் போக வேண்டும் என்றால், ஆலோசகரின் அறையை நூலகத்தின் பக்கம் மாற்றுங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுபவரின் இரகசியத்தை அவருடைய உரிமையாக ஏற்கிறது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தாலொழிய, மாணவர் பேசியது வீட்டுக்கும் துறைக்கும் போகாது என்று சேர்க்கை நாளன்றே பெற்றோர் முன்னிலையில் சொல்லுங்கள்.

14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது. அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டியிருக்கிறோம். ஆனால் ஆறு பேர் படுத்திருக்கும் அறையில் இரவு பதினொரு மணிக்கு யார் அந்த எண்ணை அழைத்துப் பேசுவார்? மாலையோடு பூட்டப்படும் பார்வையாளர் அறையை, கதவைச் சாத்திக்கொண்டு பேச வசதியாக, இரவிலும் திறந்துவைக்க உத்தரவிடுங்கள். வயிற்றுவலி என்று வந்த அந்த மாணவர் அன்றிரவு என் அறையிலிருந்துதான் அந்த எண்ணில் பேசினார். முக்கால் மணி நேரம் நான் வராந்தாவில் நின்றிருந்தேன்.

இப்படிக்கு,
விடுதிக் காப்பாளர் ஒருவர்