விரிசலைப் பூசி மறைக்க வேண்டாம், சுவரைப் பிணைத்துத் தாருங்கள்

அனுப்புநர்:
வில்லா உரிமையாளர்,
கிழக்குக் கடற்கரைச் சாலை, சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: கடல் பக்கத்து ஹால் சுவரில் தூணோடும் பீமோடும் பிணைப்பு இல்லாதது – கட்டணமின்றிச் சரிசெய்யக் கோருதல்.

ஐயா,

எங்கள் வீட்டுக் கடல் பக்கத்துச் சுவரில் விழுந்திருப்பது சாதாரணச் சுருக்க விரிசல் என்றும், பட்டி வைத்து மெஷ் ஒட்டிப் பெயின்ட் அடித்துத் தருவதாகவும் உங்கள் சைட் இன்ஜினியர் எழுதியிருக்கிறார். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் காரணங்களை விவரமாகவே எழுதுகிறேன். இதைத் தயவுசெய்து உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள்.

பூச்சோ பிளாக்கோ காய்ந்து சுருங்குவதால் வரும் சுருக்க விரிசல் பெரும்பாலும் சுவரின் நடுவில், ஜன்னல் மூலையில் என்று ஓடும். இங்கே இரண்டு பக்கத் தூண்களை ஒட்டி மேலிருந்து கீழாகவும், பீமுக்கு அடியில் ஒரே நேர்கோடாகவும் பிளந்திருக்கிறது. சுவரின் மூன்று ஓரங்களும் விட்டுப் போயிருக்கின்றன. கொத்தனாரை வைத்துத் தூண் ஓரத்தில் சில இடங்களில் பூச்சை வெட்டிப் பார்த்தேன். ஒரு கம்பியோ கிளாம்ப்போ இல்லை. பீமுக்கு அடியில் வெறும் ஃபோம் அடைத்து அதன்மேல் பூசியிருக்கிறார்கள். நீங்கள் எங்களுக்குக் கொடுத்த வரைபடத்தின் குறிப்பிலோ, மூன்று பிளாக் வரிசைக்கு ஒரு முறை தூணிலிருந்து சுவருக்குள் கம்பி விட வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. நகல் இணைத்துள்ளேன்.

இந்தச் சுவர் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். 8 அங்குல ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல். நடுவில் சுவரை விறைப்பாக நிறுத்தும் ஸ்டிஃப்னர் தூணும் இல்லை, குறுக்கே கான்கிரீட் பட்டையும் இல்லை. காற்று விசைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதிப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கட்டட உயரம், சுற்றுப்புறம், ஜன்னல் திறப்பு ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். இந்த அழுத்தத்தை அப்படியே எடுத்தால் 24 சதுர மீட்டர் சுவரில் மூன்றரை டன் அளவுக்கு விசை வரும். அந்த விசை சுவரின் ஓரங்கள் வழியாகத்தான் தூணுக்கும் பீமுக்கும் போக வேண்டும். இப்போது அந்த ஓரங்களைப் பிடித்துக்கொண்டிருப்பது அரை அங்குலப் பூச்சு மட்டும்.

காற்று உள்ளே தள்ளுவது பாதிக் கதைதான். திசை மாறும்போது அதே சுவரை வெளியே இழுக்கும், கட்டட மூலைகளில் அந்த இழுப்பு இன்னும் அதிகம். ஆகவே பிணைப்பு இரண்டு பக்கமும் தாங்க வேண்டும். கடற்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் இந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் அசைவு தெரிகிறது. அதன் அடியில்தான் என் பேத்தி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மேசையை நகர்த்திவிட்டோம்.

"சென்னையில் என்ன நிலநடுக்கம்?" என்று போனில் கேட்டார் உங்கள் இன்ஜினியர். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் உண்டான நடுக்கம் சென்னை முழுக்க உணரப்பட்டது. 2002-இல் நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893 திருத்தப்பட்டபோது, சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. காற்று பரப்பைப் பார்த்துத் தள்ளும், நிலநடுக்கம் எடையைப் பார்த்து ஆட்டும். ஏஏசி லேசானது என்பதால் இந்த ஹால் சுவருக்குக் காற்றே பெரிய சோதனை. மொட்டை மாடியின் செங்கல் கைப்பிடிச் சுவருக்கு அப்படியல்ல. கூரைக்கு மேலே தனித்து நிற்கும் இத்தகைய சுவர்களை, கட்டடத்துக்கு எடுக்கும் நிலநடுக்கக் குணகத்தைப்போல் (எடையில் எத்தனை பங்கு பக்கவாட்டு விசையாக வரும் என்ற எண்) ஐந்து மடங்குக்குச் சரிபார்க்கச் சொல்கிறது அந்த விதி. 2001 ஜனவரியில் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தின்போது, தூணும் பீமும் நின்றிருக்க நடுச்சுவர்கள் மட்டும் பெயர்ந்து விழுந்த கட்டடங்கள் உண்டு. எங்கள் கைப்பிடிச் சுவருக்குள் ஸ்லாபிலிருந்து (கான்கிரீட் கூரைத் தளத்திலிருந்து) கம்பி வருகிறதா என்பதையும் திறந்து காட்டுங்கள்.

நான் கேட்பது இதுதான். தூண் ஓரங்களில் கான்கிரீட்டில் துளையிட்டுக் கெமிக்கல் ஆங்கர் (ரசாயனப் பசையால் துளைக்குள் ஒட்டும் கம்பி) வைத்துச் சுவரைப் பிணைக்க வேண்டும். கடற்கரை உப்புக்காற்றில் சாதாரண இரும்பு சில ஆண்டுகளில் அரித்துவிடும், ஆகவே எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். துளையில் தூசி இருந்தால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூசியைத்தான் பிடிக்கும். பிரஷ் போட்டு, காற்று ஊதிச் சுத்தம் செய்வதை உங்கள் மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். துளைக்குள் விரிந்து இறுகும், கான்கிரீட்டுக்கான விரிவு போல்ட்டை ஏஏசி பிளாக்கில் அடிக்கக் கூடாது, பிளாக் நொறுங்கிவிடும். பீமுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஆங்கிள் வைத்துச் சுவர் சாயாமல் பிடிக்க வேண்டும். ஆனால் பீம் சற்றுத் தாழ்ந்தால் சுவரை நசுக்காதபடி மேலே இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளி வேண்டும் என்பதற்காகத்தான் ஃபோம் வைத்தீர்கள் என்றால், யோசனை சரி, பாதியில் நிறுத்தியதுதான் தவறு. சுவரின் நடுவே ஒரு ஸ்டிஃப்னரும் தேவை. வேலைக்கு முன் கணக்குத் தாளும், முடிந்தபின் சில ஆங்கர்களில் இழுவைச் சோதனை (இழுத்துப் பார்த்துப் பிடிப்பை அளப்பது) அறிக்கையும் எனக்கு வேண்டும். கணக்கில் ஆங்கரின் பலத்தை மட்டும் காட்டினால் போதாது. சுவர், கிளாம்ப், போல்ட், கான்கிரீட், ஸ்லாப் என்று விசை போகும் வழி முழுவதையும் காட்ட வேண்டும்.

இந்த வளாகத்தில் மற்ற வில்லாக்களும் இதே வரைபடத்தில், இதே ஆட்களால் கட்டப்பட்டவை. அவர்களுக்கும் நீங்களே தெரிவித்துச் சோதிக்க வேண்டும். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்தபோது இந்த வீடுகள் கட்டப்படவில்லை. அப்படி ஒரு புயலை இந்தச் சுவர்கள் இன்னும் பார்க்கவில்லை.

நாங்கள் சாவி வாங்கி ஐந்து ஆண்டு ஆகவில்லை. ரியல் எஸ்டேட் சட்டம் 2016, பிரிவு 14(3)-இன்படி இத்தகைய குறையை 30 நாட்களுக்குள் செலவின்றிச் சரிசெய்வது உங்கள் கடமை. அதற்குள் கணக்கோடு வேலை தொடங்காவிட்டால், வெட்டிப் பார்த்த இடங்களின் படங்களோடு தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதுவரை பெயின்டர்களை அனுப்ப வேண்டாம். வெட்டிய இடங்களை மூட விடமாட்டேன்.

இப்படிக்கு,
வில்லா உரிமையாளர்

இணைப்பு: வரைபட நகல், படங்கள், சைட் இன்ஜினியரின் பதில் நகல்.