செயலாளரின் ஆண்டறிக்கை: கூரைத் தண்ணீரும் நடைபாதையும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஒழுங்கை உறவுகளே, வணக்கம்.

கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. பொங்கல் விழாவும் வெசாக் தன்சலும் (இலவச உணவுப் பந்தல்) அயலவர்களின் ஒத்துழைப்போடு நன்றாக நடந்தேறின. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதி இந்த வருடம் ஒரே விடயத்துக்குப் போனது: மாடிக் கட்டிடங்களின் கூரைத் தண்ணீர் நடைபாதையில் கொட்டுவது.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நடக்கிற எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். பீலிக் குழாய் சுவரோடு இறங்கி வந்து, நடைபாதைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிடுகிறது. கான், அதாவது மழைநீர் வடிகால், இருப்பது நடைபாதைக்கு அந்தப் பக்கம். இடையில் உள்ள நாலைந்து அடிக்குக் குழாய் போடாததால், தண்ணீர் முழுவதும் நடப்பவர்களின் காலில்தான். பத்துப் பேர்ச் (சுமார் 250 சதுர மீற்றர்) அளவுள்ள கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 12,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் சேரும். ஆயிரம் லீற்றர் தாங்கிகள் பன்னிரண்டைப் பாதையில் கவிழ்த்த மாதிரி!

2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது. அப்படியான பெருமழைக்கு நம்மைப் போன்ற சிறு சங்கம் என்ன செய்ய முடியும்? நாங்கள் பேசுவது மே மாதத்துத் தென்மேல் பருவமழையையும், ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் வரும் இடிமழையையும் பற்றித்தான். ஆண்டுதோறும் வரும் மழை அது.

மழையில்லாத நாளிலும் பிரச்சினை தீர்வதில்லை. ஏசித் தண்ணீரும் அதே குழாயால் சொட்டுவதால் கல்லில் பச்சைப் பாசி காய்வதேயில்லை. சந்தைக்குப் போன எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர் அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பாடசாலைப் பிள்ளைகள் அந்த இடத்தில் நடைபாதையை விட்டு வீதிக்கு இறங்குகிறார்கள். பின்னால் பஸ் வருகிறது. எனக்குப் பயமெல்லாம் அதில்தான்.

காலி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, ஒழுங்கை மாநகர சபையின் பொறுப்பு. ஆகவே கடிதங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்தோம். ஆனால் கட்டிடத்துத் தண்ணீரைக் கான்வரை கொண்டுபோவது கட்டிடக்காரரின் வேலை. அதனால் உரிமையாளர்களை நேரில் போய்ப் பார்த்தோம். ஒருவர், "தண்ணி எங்கட காணிக்குள்ள நிக்கேல்லதானே, பிறகென்ன?" என்று கேட்டார். அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மூலைக் கட்டிடத்து ஐயா மட்டும் அடுத்த கிழமையே மேசனைக் கூப்பிட்டார். அனுமதி கிடைத்ததும் நடைபாதைக் கல்லைக் கிளப்பி, நாலு அங்குலப் பிவிசி குழாயைக் கானை நோக்கிச் சரிவாகப் புதைத்து, மேலே பழைய கல்லையே திரும்பப் பதித்தார்கள். குழாய் இறங்கும் இடத்தில் குப்பையும் இலையும் தங்க வலைபோட்ட சிறு குழி ஒன்று. ஏசிக் குழாயையும் அதற்குள்ளேயே விட்டார்கள். இப்போது எவ்வளவு மழை பெய்தாலும் அந்த இடத்தில் சப்பாத்து நனையாமல் நடக்கலாம். பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். செலவு குறையும் என்று கூரைத் தண்ணீரை மலசலகூடக் கழிவுக் குழாயோடு இணைக்க வேண்டாம். பெருமழையில் அந்தக் குழாய் தாங்காது, கழிவு மேலே கிளம்பும். அப்புறம், குழியைக் கிழமைக்கு ஒருமுறை துப்புரவாக்குங்கள். தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும், டெங்கு வரும்.

கானுக்குள் சொப்பிங் பை போடுபவர்கள் நமது ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். கான் அடைத்தால் புதிய குழாயாலும் பயனில்லை. அந்தத் தண்ணீர் வெள்ளவத்தைக் கால்வாய்க்கும் கடலுக்கும் போயாக வேண்டும்.

வரும் மே மாதத்துக்கு முன் மற்றக் கட்டிடங்களிலும் இந்த வேலை முடிய வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லுங்கள். மேசனின் தொலைபேசி இலக்கமும் கடிதத்தின் மாதிரியும் என்னிடம் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.

நன்றி.
செயலாளர்