‘இறங்கலையா?’ என்று கேட்காத கண்டக்டர் அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. ஆனால் கடலூரிலிருந்து பாண்டிக்கு எல்லா ஸ்டாப்பிலும் நின்று போகிற பஸ்ஸில் தினமும் ஏறுகிறவர்கள் இதைப் படித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

தென்பெண்ணை வெள்ளம் என்ன செய்தது என்று இந்த ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. சேறு அள்ளி, நிவாரணக் கணக்கு எழுதி எல்லாம் முடிந்த பிறகும் பதற்றம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு ஆலோசனை நடத்திய குழுவின் சார்பில் இந்த மடல். பஸ்ஸில் ஏறிப் போய்ப் பயத்தைப் பழகும் பயிற்சியில் இருந்த கடைசி நபரும் இந்த வாரம் பாலத்தைத் தாண்டிவிட்டார். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறோம்.

நீங்கள் செய்தது உங்கள் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆல்பேட்டைக்கு டிக்கெட் எடுத்தவர் ஆல்பேட்டையில் எழுந்திருக்காமல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் வந்து, பெரியகங்கணாங்குப்பத்துக்கு இன்னொரு டிக்கெட் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவீர்கள். ஒரு கேள்வி கிடையாது, ஒரு பார்வை கிடையாது. இடையில் இருப்பது ஆற்றுப்பாலம் மட்டும்தான். அந்தப் பாலத்துக்காகத்தான் அறையில் உட்கார்ந்து வாரக்கணக்கில் வேலை நடந்தது.

பதற்றம் ஏறும்போது மூச்சு வேகமாகிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரலும் உதடும் குறுகுறுக்கும், தலை லேசாகும். ‘இதோ விழப்போகிறேன்’ என்று தோன்றும். அந்த நினைப்பே படபடப்பை இன்னும் ஏற்றும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு, ஒன்றும் செய்யாமலே அது இறங்கத் தொடங்கும். ஆனால் உச்சத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டால் மனசில் பதிவது ‘இறங்கினதாலதான் பொழைச்சேன்’ என்பதுதான். அடுத்த தடவை ஏறுவதற்கே பயம். தவிர்ப்பது கந்துவட்டி மாதிரி: அந்த நேரத்துக்கு நிம்மதி கையில் கிடைக்கும், திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரியும்.

அதனால்தான் ஆலோசனையில் ஏணி போடுவது. பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண். பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ்ஸைப் பார்ப்பது 30, மஞ்சக்குப்பம் வரை போவது 45, ஆல்பேட்டை 60, பாலத்தைத் தாண்டுவது 85, காலை எட்டரை மணிக் கூட்டத்தில் நடு சீட்டில் உட்கார்ந்து பாண்டி வரை போவது 100. ஒவ்வொருவர் ஏணியும் வேறு. 30, 40-இல் தொடங்கி, ஒரே படியை வாரத்துக்கு மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப ஏற வேண்டும். வாரம் ஒரு நாள் போனால் நடுவில் பயம் பழைய இடத்துக்கே வந்துவிடக்கூடும். ஏறுவதற்கு முன் நோட்டில் ஒரு வரி: ‘ஆல்பேட்டை தாண்டினா மயங்கி விழுந்துடுவேன்.’ இறங்கிய பின் இன்னொரு வரி: நடந்தது என்ன? பதற்றத்தில் ரத்த அழுத்தம் பொதுவாகக் கூடும். மயக்கத்துக்கு அது குறைய வேண்டும். ரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்குகிறவர்கள் தனி ரகம், அவர்களுக்குப் பயிற்சியும் வேறு. இதை வாயால் நூறு முறை சொன்னாலும் ஏறாது. நோட்டில் இரண்டு வரியும் பக்கத்தில் பக்கத்தில் சேரச் சேரத்தான் நம்பிக்கை வரும்.

இந்த ஏணியில் ஒரு ஓட்டை உண்டு. ‘ஆல்பேட்டையில் இறங்கலாம்’ என்று திட்டம் போட்டுப் போகிறவருக்குச் சரியாக ஆல்பேட்டையில் பயம் 70-இல் நின்றால்? அங்கே இறங்குவதும் ஓடுவதும் ஒன்றாகிவிடும். கொஞ்சம் கூட உட்கார வேண்டும். உட்கார்ந்தால் டிக்கெட் பிரச்சினை, கண்டக்டர் சத்தம், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் கண்கள். ஆலோசனைப் புத்தகங்களில் இதற்கு வழி இல்லை. உங்கள் கையில் இருந்த டிக்கெட் மெஷினில் இருந்தது. ஸ்டாப் ஸ்டாப்பாக எடுத்ததில் காசு கூடத்தான் ஆனது. ஒருவரும் அதைப் பற்றிக் குறைப்படவில்லை.

இந்தப் பயிற்சியைப் பற்றிச் சொன்னபோது முதலில் நீங்கள் கேட்ட கேள்வியும் நியாயமானது: ‘நெஜமாவே நெஞ்சுவலியா இருந்தா?’ அதற்காகவே, சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்த பிறகும், இசிஜி, தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை எல்லாம் பார்த்து டாக்டர் சரி என்றவர்களை மட்டும் பஸ்ஸுக்கு அனுப்பினோம். தைராய்டு கூடினாலும் படபடப்பும் கை நடுக்கமும் இதே மாதிரி வரும். இவர்களோ மற்ற பயணிகளோ, யாருக்காவது மார்பில் இறுக்கம் வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், யோசிக்காமல் வண்டியை நிறுத்தி 108-ஐக் கூப்பிட வேண்டும். அதில் மாற்றமே இல்லை.

நீங்கள் செய்யாமல் விட்டதற்கும் நன்றி. கஷ்டப்படுகிறவரைப் பார்த்தால் முன்சீட்டு கொடுப்பது, தண்ணீர் நீட்டுவது, ‘ஒண்ணும் ஆகாதுங்க’ என்று தோளில் தட்டுவது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் இந்தப் பயிற்சியில் அது குறுக்கே வரும். ‘தண்ணி பாட்டில் இருந்ததால தப்பிச்சேன்’, ‘படிக்கட்டுப் பக்கம் நின்னதால தப்பிச்சேன்’ என்று பெருமை முழுவதும் அதற்குப் போய்விடும். மந்திரித்துக் கட்டிய கயிறும் அப்படித்தான். கட்டிக்கொள்ளட்டும், அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பாலம் வரும்போது அதைத் தொடாமல் இருக்கப் பழகுவதும் ஏணியில் ஒரு படி. பஸ் ஏறுமுன் டாக்டரைக் கேட்காமல் அரை மாத்திரை போட்டுக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆனால் பதற்ற மாத்திரையைத் தினமும் பழகியவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது, வலிப்பு வரைக்கும் போகும். டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

ஏணி முடிந்தவர் ஒருவர் பாண்டி எல்லையில் மதுக்கடைகள் இருக்கிற முள்ளோடையில் இறங்கித் திரும்பி வந்தபோது ‘அங்க நீ எதுக்குப் போயிட்டு வர்றேன்னு ஊருக்கே தெரியும்’ என்று பஸ்ஸில் யாரோ கிண்டல் செய்ததாகக் கேள்வி. பதற்றம் பற்றி அல்லாமல் மதுபாட்டில் பற்றிச் சந்தேகப்பட்டதில் அவருக்கு ஒரே சிரிப்பு.

மற்றவர்களுக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. மஞ்சக்குப்பத்தில் மாடி அறையை வாடகையில்லாமல் தந்தவர், ‘மேல என்ன நடக்குது?’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் ‘தெரியாதே’ என்ற கீழ்க்கடைத் தையல்கார அக்கா, பரிசோதனைகளை அலைக்கழிக்காமல் எடுத்துக்கொடுத்த ஊழியர்கள், ஸ்ட்ராங் காபியை நிறுத்தச் சொன்னோம் என்று கேள்விப்பட்டுச் சுக்குமல்லி போட ஆரம்பித்த டீக்கடைக்காரர், அம்மாக்கள் உள்ளே இருந்தபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார். ‘தைரியமா இரு’ என்று சொல்வதை நிறுத்திவிட்டு, ‘இன்னைக்கு நோட்டுல என்ன எழுதின?’ என்று கேட்கப் பழகிய வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று.

பஸ்ஸோடு சம்பந்தமில்லாத பதற்றமும் நிறைய வந்தது. நாள் முழுவதும் மழை வீடியோ பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு வானிலைச் செய்தி காலை ஒரு முறை, மாலை ஒரு முறை மட்டும். மற்ற நேரத்தில் வருகிற கவலையைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துவிட்டு, சாயங்காலம் இருபது நிமிடம் உட்கார்ந்து அதை மட்டும் பார்ப்பது. படுக்கப்போகும் நேரத்தில் கூடாது. மொட்டைமாடிக்குச் சான்றிதழ்களை ஏற்றி வைப்பது மாதிரி கையால் ஆகிற காரியம் ஒரு பக்கம், ‘அணையைத் திறந்துட்டா?’ மாதிரி ஆகாதது இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்துக்குத் தீர்வு தேடாமல் விட்டுவிடப் பழகுவதுதான் கடினம். பாதியில் நின்றவர்கள் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது அமர்வில் நின்றார்கள். பயத்தை எதிர்கொள்ளத் தொடங்கும்போது அது முதலில் கூடும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால், ஆலோசனையால் மோசமாகிவிட்டது என்றே தோன்றும். வாரம் ஒரு மணி நேரம் என்று பன்னிரண்டு, பதினைந்து அமர்வு வரை ஆகலாம். விட்டவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. நேரில் வர முடியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். அரசின் டெலி-மானஸ் சேவை, இரவு பகல் இலவசம், தமிழில் பேசலாம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். முதல் மழைக்கே சிலருக்குப் பழைய படபடப்பு எட்டிப் பார்க்கும். ஏணியின் நடுப்படியிலிருந்து மறுபடி ஏற வேண்டியதுதான், அடியிலிருந்து தொடங்கத் தேவையிருக்காது. அதற்காகச் செப்டம்பர் கடைசியிலேயே அறையைத் திறந்து, முடித்தவர்கள் எல்லோரையும் ஒரு முறை கூப்பிடுவோம். இது எங்கள் வாக்கு.

மற்ற கண்டக்டர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்களே அண்ணே, வருகிறோம். இரண்டு டிரிப்புக்கு நடுவில் அரை மணி நேரம் கிடைத்தால் போதும். எப்போது நெஞ்சுவலி என்று எடுத்துக்கொள்ள வேண்டும், எப்போது பேசாமல் டிக்கெட்டை நீட்ட வேண்டும் என்று ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொண்டுவருகிறோம். எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்றைக்கு அறையில் ஆள் இருக்கும்.