புரட்டிய கல்லை எடுத்த இடத்திலேயே வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை பிடித்ததும் ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் கல்லூரி மாணவர்கள் உயிரினக் கணக்கெடுப்புக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே சாலமாண்டர் (பல்லி போலத் தோன்றும், ஆனால் தவளையைப் போன்ற நீர்நில வாழ்வி) தேடுவது வீண் அலைச்சல். இந்தியாவில் அது டார்ஜிலிங், சிக்கிம், வடகிழக்கு மலைப்பகுதிகளோடு சரி. நம் மலையில் கல்லுக்கடியிலிருந்து பளபளவென்று நெளிந்தோடுவது அரணை. விரல் நுனியைப் பாருங்கள், நகம் தெரியும். இமயமலைச் சாலமாண்டருக்கு நகமோ செதிலோ காதுத் துளையோ கிடையாது.

கணக்கில் வரும் தவறைத் திருத்திக்கொள்ளலாம். கல்லைப் புரட்டிப் போட்டபடி விட்டுப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அடியில் இருக்கும் ஈரம்தான் தேரைக்கும் மரவட்டைக்கும் வாழ்வு. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கல்லின் எதிர்ப்பக்க விளிம்பைக் கம்பிக் கொக்கியால் பிடித்து, உங்களை நோக்கித் தூக்குங்கள். உள்ளே சுருட்டைவிரியன் இருந்தாலும் அதற்கும் உங்கள் காலுக்கும் நடுவே கல் நிற்கும். அடியில் விரலை நுழைக்கவே கூடாது. பார்த்து முடித்ததும், தவளையோ தேரையோ இருந்தால் முதலில் அதை ஓரமாக நகர்த்திவிட்டு, கல்லை அதே பள்ளத்தில் இறக்கி வையுங்கள். நகர்த்திய தவளை தானே விளிம்பு வழியாக உள்ளே போய்விடும். அதை உள்ளே விட்டபடி கல்லை இறக்கினால் நசுங்கும். மண்ணில் ஆழமாகப் புதைந்த கல்லைத் தொடாதீர்கள். பெயர்த்துவிட்டால் பழையபடி பொருந்தாது.

தவளைக்கு இரவுதான் நேரம். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் அதன் கண்ணொளி திரும்பித் தெரியும். இடுப்பளவில் பிடித்தால் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கிறதா? இரண்டு பேர் தள்ளித் தள்ளி நின்று, சத்தம் வரும் திசையைக் கை நீட்டிக் காட்டுங்கள். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் தேடுங்கள்.

கொசுக் களிம்பும் சானிடைசரும் பூசிய கையால் தவளையைத் தொடக் கூடாது. அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் காலணிச் சேற்றைத் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச்சிங் கரைசலில் நனைத்து, நன்றாகக் காய வையுங்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை ஈரத்தோடுதான் பரவுகிறது. சேறு இருந்தால் மருந்தின் வீரியம் அதிலேயே போய்விடும்.

காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு, கிளம்புவதற்கு முன் கல் புரட்டும் முறையைக் கல்லூரி வளாகத்திலேயே ஒரு மணி நேரம் பழக்கிவிடும்படி துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இயற்கை ஆர்வலர்கள்,
வேலூர்.