பாக்கியத்துக்கு, மலேசியாவின் காஜாங்கிலிருந்து

அன்புள்ள பாக்கியம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஊசி போட்ட பிறகு மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் ஓர் இலவச கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? போன மாதம் அங்கே ஒரு பையன் வந்தான். சிவகங்கைப் பக்கம், இருபத்தாறு வயது, சாப்பாட்டுக் கடையில் வேலை. பாஸ்போர்ட் முதலாளியின் மேசைக்குள் இருக்க, குடிநுழைவு அதிகாரிகளின் சோதனையில் இவன் பிடிபட்டுவிட்டான். அதைக் கொண்டுபோய்க் காட்ட முதலாளிக்கு ஏழு வாரம் ஆகியிருக்கிறது. அந்த ஏழு வாரமும் தடுப்பு முகாமில் இருந்திருக்கிறான்.

விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு எங்கும் சிரங்கு. சொறிந்து சொறிந்து புண்ணாகி நீர் வடிந்தது. மருந்து எடுக்க நான் திரும்பியபோது, "அம்மா, கை கழுவிக்கலாமா?" என்று கேட்டான். கழுவட்டும் என்று விட்டேன். முழங்கை வரை சவர்க்காரம் போட்டான். அலம்பினான். மறுபடி போட்டான். மூன்றாவது தடவை நுரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சும்மா நின்றான். எனக்குக் குழாயை மூடச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்களாம். ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். காலையும் மாலையும் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். கழிப்பறைக்குக் கதவு கிடையாது, இடுப்பளவு சுவர்தான். பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டு, கழுவவும் அதுவே, குடிக்கவும் அதுவே. இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு சொன்னான். தப்பு செய்தவன் போல.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. செமினி ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் காஜாங்குக்கு அடுத்த ஊர்தான். அங்கே இருந்த தடுப்பு முகாமில் 59 பேர் இறந்துபோனதை 1995-இல் 'தி சன்' பத்திரிகையில் இருந்த ஸ்டீவன் கானும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள். டைபாய்டு, பெரிபெரி. பத்திரிகை அதைப் போடவில்லை. அவர்கள் அந்த விவரங்களை, வெளிநாட்டுத் தொழிலாளிகளின் உரிமைக்காகப் போராடிய ஐரின் பெர்னாண்டசிடம் கொடுத்தார்கள்.

பெரிபெரி என்ற பெயர் உனக்கு ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். நாங்கள் பயிற்சியில் அதை ஒரு பழங்கால நோயாகத்தான் படித்தோம். தீட்டிய வெள்ளை அரிசியை மட்டுமே தின்றால் வருவது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நிற்கும். இதற்குக் காரணம் அரிசிதான் என்று காட்டிய இடங்களில் ஒன்று எது தெரியுமா? இதே கோலாலம்பூர். 1905-இல் பிளெட்சர் என்ற டாக்டர் இங்கிருந்த மனநோய் மருத்துவமனையில் பாதிப் பேருக்கு வெள்ளைப் பச்சரிசியும் பாதிப் பேருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி தின்றவர்களுக்குத்தான் நோய் வந்தது, செத்தும் போனார்கள். நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் கொத்துக் கொத்தாகச் சாக, தோட்டத்துத் தமிழர்கள் அதிகம் தப்பியதற்கும் அதுதான் காரணம். உன் அம்மா தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வடித்த சோறு, பாக்கியம்.

அது தெரிந்து தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகு, அதே ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், அதே நோயில் ஆட்களைச் சாகவிட்டிருக்கிறார்கள். ஒரு பிடி பயறு, கொஞ்சம் கீரை, நல்ல தண்ணீர் இருந்தால் போதும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐரின் நம் கெடாக்காரர், சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர். முந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளிகளிடம் கேட்டு இந்த முகாம்களைப் பற்றி எழுதிய அறிக்கைக்காக அவரைத்தான் 1996-இல் கைது செய்தார்கள். பொய்ச் செய்தி வெளியிட்டார் என்று வழக்கு. ஏழு வருஷ விசாரணை, 2003-இல் ஓராண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் 2008-இல்தான் வழக்கிலிருந்து விடுதலை. 2014-இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போதும் நிலைமை மாறிவிட்டது என்று சொல்ல முடியவில்லை. 2019 ஆகஸ்டிலிருந்து ஐ.நா. அகதிகள் ஆணையத்தையே முகாம்களுக்குள் விடாமல் வைத்தார்கள். 2022 ஏப்ரலில் பினாங்கு பக்கத்தில் ஒரு முகாமிலிருந்து மியன்மாரிலிருந்து அகதிகளாக வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் தப்பி ஓடி, ஆறு பேர் நெடுஞ்சாலையில் அடிபட்டுச் செத்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. இருட்டில் அந்தச் சாலையைக் கடக்கத் துணிய வேண்டுமென்றால் உள்ளே எப்படி இருந்திருக்கும்?

போனில் உன் வீட்டுக்காரர், "பெர்மிட் சரியில்லைன்னா பிடிக்கத்தானே செய்வாங்க" என்றார். பிடிக்கட்டும் அண்ணே, விசாரிக்கட்டும், திருப்பி அனுப்பட்டும். அதற்கும் சவர்க்காரம் கொடுக்காததற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்கிறேன். இதை அவரிடம் படித்துக் காட்டு, கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், ஓர் உதவி. பையனின் ஊர் உங்கள் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். அவன் அம்மாவின் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். ஏழு வாரம் போன் வராததால் அந்த அம்மா கோயில் கோயிலாக ஏறி இறங்கியிருக்கிறார். இப்போது தினமும் பேசுகிறான், ஆனாலும் நம்பிக்கை வரவில்லையாம். முடிந்தால் நேரில் போய்ப் பார். முகாமைப் பற்றி ஒன்றும் சொல்லாதே, அவன் சொல்லவில்லை. புண் ஆறி வருகிறது, போன சனிக்கிழமை என்னோடு உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டான். அதை மட்டும் சொல்.

அன்புடன்,
உன் தனம்