பிரேக்கில் இருந்தது யாருடைய கால்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்துகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த தலையங்கம் அபராதத்தையும் கண்காணிப்புக் கேமராவையும் விரிவாகப் பேசியது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் முறையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அரசுப் பேருந்தை 31 ஆண்டுகள் ஓட்டி ஓய்வுபெற்றவன் என்பதால் அதைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

கடந்த கோடையில் என் பேத்தி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். காலையில் ஒரே காரில் மூன்று பேர் ஏறுவார்கள். ஆளுக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஆபத்துக்கு உதவ வைத்த அந்த இரட்டைக் கட்டுப்பாட்டை அவர் முழு நேரமும் மிதித்துக்கொண்டே வந்ததால், தானே ஓட்டுவதாகப் பேத்தி நம்பிக்கொண்டிருந்தாள். உரிமம் கைக்கு வந்தபின் எங்கள் காரை வெளியே எடுத்த முதல் நாளில்தான், இத்தனை நாளும் பிரேக்கில் இருந்தது யாருடைய கால் என்று அவளுக்கே விளங்கியது.

சட்டத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பயிற்சிப் பள்ளியில் சொந்த உபயோகக் கார் ஓட்டப் பழகுபவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சியும், அதில் 10 மணி நேரம் அவரே வண்டி ஓட்டியிருப்பதும் கட்டாயம். கால் மணி நேரக் கணக்கில் 21 நாளைப் பெருக்கிப் பார்த்தால் எவ்வளவு வருகிறது என்பதைத் தங்கள் வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இரு சக்கர வாகனத்துக்கு நடைமுறையில் இந்த அளவும் இல்லை. அண்ணனிடமோ நண்பனிடமோ பழகி, எட்டுப் போட்டுக் காட்டினால் போதும். எட்டுப் போடும் திடலில் எதிரே வரும் லாரியும் இல்லை, இருட்டும் இல்லை. 2022இல் நாட்டிலேயே மிக அதிகமாக, 64,105 விபத்துகள் பதிவான மாநிலம் நம்முடையது. அவற்றில் 17,884 பேர் இறந்தனர்.

இதனால் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் போதும் என்று சொல்ல வரவில்லை. வண்டியைத் திருப்பவும் வளைக்கவும் மட்டும் நன்றாகக் கற்ற இளைஞனுக்குத் திறமையைவிடத் துணிச்சலே வேகமாக வளரும் என்பதைப் பணிமனையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பலமுறை கண்டிருக்கிறேன். கற்றுக்கொடுக்க வேண்டியது கண்ணுக்கு. நின்றிருக்கும் டவுன் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஒருவர் குறுக்கே ஓடி வருவார் என்பதை அவர் தெரிவதற்கு முன்பே எதிர்பார்க்க வேண்டும். விழுப்புரம் – திண்டிவனம் நான்குவழிச் சாலையில் நடுத்திட்டு இடைவெளி வரும்போதெல்லாம், எதிர்த்திசையில் ஒரு மொபெட் வரக்கூடும் என்று கால் தானாகவே தளர வேண்டும். இரவில் எதிர்வண்டி விளக்கைத் தாழ்த்தாமல் வந்தால் பார்வையைச் சாலையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிரிட்டனில் 2002 நவம்பர் முதல், சாலைக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, ஆபத்து உருவாகும் கணத்தை உரிமம் கேட்பவர் கண்டுகொள்கிறாரா என்று சோதிக்கிறார்கள். நியூசிலாந்தில் 1987 முதல் உரிமத்தைப் படிப்படியாகத்தான் கொடுக்கிறார்கள். இடைப்பட்ட கட்டத்தில் இரவு பத்து மணிக்குமேல் தனியாக ஓட்டக் கூடாது. நம் ஊரில் உரிமம் வாங்கிய அன்றிரவே நான்கு நண்பர்களுடன் புதுச்சேரிக்குப் புறப்படத் தடையில்லை.

2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கென ஒன்றிய அரசு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அங்கே காருக்கு 29 மணி நேரப் பயிற்சி, வரவேற்கிறேன். ஆனால் அங்கே தேறியவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகச் சோதனையிலிருந்து விலக்கு என்பது எனக்கு உடன்பாடில்லை. சொல்லிக்கொடுத்து அதற்குக் கட்டணமும் வாங்கியவரே தேர்ச்சியும் வழங்கினால், யார்தான் தோற்பார்?

போக்குவரத்துத் துறைக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. மாணவர் உண்மையில் ஓட்டிய நேரத்தை அவரே நாள்தோறும் எழுதிக் கையொப்பமிடும் குறிப்பேடு ஒன்று இருக்க வேண்டும்; சோதனைக்கு வருபவரிடம் ஆய்வாளர் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு மணி நேரமாவது இரவில் ஓட்டியதாக இருக்கட்டும். என் பேத்திக்கு அந்த இரண்டு மணி நேரத்தை இப்போது ஞாயிறுதோறும் நானே பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்துவருகிறேன். என் காலடியில் பிரேக் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
விழுப்புரம்.