தேர் முடிஞ்ச இரவு

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். அம்மா உன்னை விசாரிச்சவ. கட்டையன்ர கலியாணக் கதை அடுத்த கடிதத்தில. இப்ப இதைக் கேள்.

நல்லூர்த் தேர் முடிஞ்ச இரவு, கொழும்புக்குத் திரும்பிற சனம் முழுக்க எங்கட பஸ் புக்கிங் தளத்துக்கு வந்திட்டுது. எட்டு மணிக்கு எல்லாம் நிண்டுபோச்சு, கனெக்‌ஷன் இல்லையெண்டு பிழை. எங்கட டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸில ஒரே நேரத்தில எடுக்கிற கனெக்‌ஷன் வழமையாய் 100தானே, அவசரத்தில அதை 500 ஆக்கினன். அங்க ஒவ்வொரு கனெக்‌ஷனும் மெமரி தின்னிற தனி ப்ராசெஸ் எல்லோ, 4 ஜிபி மெஷின் இன்னும் மோசமாய் இழுபட்டுது.

பிறகுதான், எந்தக் கனெக்‌ஷன் என்ன செய்யுதெண்டு காட்டிற பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைத் திறந்தன். வரிக்கு வரி "ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்". ட்ரான்ஸாக்‌ஷன் எண்டிற ஒரு தொகுதி வேலையைத் துவக்கிப்போட்டு முடிக்காமல் விட்டிருக்கு. டேட்டாபேஸ் ஒரு வேலையும் செய்யேல்லை மச்சான், சும்மா நிண்டது! எங்கட கோட் ட்ரான்ஸாக்‌ஷனைத் துவக்கி, சீட்டைப் பூட்டிப்போட்டு, காசு கட்டிற பக்கத்திலயிருந்து பதில் வருமட்டும் கனெக்‌ஷனை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு. கிணத்தடியில வாளியை வைச்சுக்கொண்டு வேலிக்கு அங்கால கதை குடுத்தால் மற்றவை எப்ப அள்ளுறது? ஆளுக்கு 10 செக்கன் எண்டால் 100 கனெக்‌ஷனிலும் செக்கனுக்கு 10 பேர்தான். இப்ப சீட்டை 10 நிமிசத்துக்கு ஒதுக்கி உடன கொமிட் பண்ணி ட்ரான்ஸாக்‌ஷனை முடிக்கிறம், காசு விசயம் ட்ரான்ஸாக்‌ஷனுக்கு வெளியில. 20 மில்லிசெக்கனில கை மாறுது. 20 கனெக்‌ஷனே தாராளம்.

இன்னொண்டு. சீட் பக்கம் ஒவ்வொருக்காலும் முழு டேபிளையும் மேய்ஞ்சிருக்கு. மற்ற டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல், அதின்ர இன்னோடிபி எஞ்சின், ஒரு டேபிளை மற்றதோட இணைக்கிற ஃபொரின் கீக்குத் தானாவே இண்டெக்ஸ் (கெதியாய்த் தேட உதவுற அட்டவணை) போடும், போஸ்ட்கிரெஸ் போடாது. கம்பஸில நீ சண்டை பிடிச்சு மைஎஸ்கியூஎல் படிப்பிச்சதால எனக்கு அது தோன்றவே இல்லை!

ஆனால் எனக்கு நித்திரை வராதது வேற விசயத்தில. அண்டைக்கு இரவு கோப்பாயிலயிருந்து ஒரு ஐயா எடுத்தவர். காசு போயிட்டுது, சீட் இல்லை. விடிஞ்சால் கொழும்புக்குப் பக்கத்தில, மகரகமவில மனிசிக்குக் கிளினிக். கோபமே படேல்லை, "தம்பி, ஏதாவது பாருங்கோ" எண்டார். வான் ஒண்டு பிடிச்சு அனுப்பிவிட்டன்.

இப்பவும் ஓட்டை இருக்கு. 10 நிமிசம் முடிஞ்சு சீட் வேற ஆளுக்குப் போனாப்பிறகு முதல் ஆளின்ர காசு வந்து சேர்ந்தால்? நீங்கள் அங்க அதை எப்பிடிச் செய்யிறியள்? விளக்கமாய் எழுது.

உன்ர
மச்சான்